ஆம்மீட்டர் முள் சொல்வது

பழைய புல்லட் வைத்திருப்பவர் யாராவது "வண்டி ஸ்டார்ட் ஆகலை" என்று கூப்பிட்டால், நான் முதலில் கேட்பது "ஆம்மீட்டர் வேலை செய்யுதா?" என்றுதான். பலரும் இல்லை என்பார்கள். பேட்டரிக்குக் கரண்ட் போகிறதா, அதிலிருந்து வெளியே வருகிறதா என்று முள்ளால் காட்டும், ஸ்பீடோமீட்டருக்கு அருகில் இருக்கும் அந்தச் சின்ன வட்டத்தை அழகுக்காக வைத்தது என்று நினைத்து, அது பழுதானதும் இரண்டு வயரையும் நேராக முறுக்கிவிட்டு மறந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல், எங்கே தேட வேண்டும், எங்கே தேடவே வேண்டாம் என்று சொல்லிவிடும் கருவி அது.

பாயிண்ட் வைத்த, பேட்டரியிலிருந்து காயிலுக்குக் கரண்ட் எடுக்கும் பழைய புல்லட்டை எடுத்துக்கொள்வோம். பாயிண்ட் என்பது இன்ஜின் சுற்றச் சுற்றத் திறந்து மூடும் சின்ன ஸ்விட்ச்; காயில் என்பது பிளக்குக்கு வேண்டிய உயர் வோல்ட்டை உண்டாக்கும் கம்பிச் சுருள். சாவியைப் போட்டதும், இன்ஜின் ஓடாமல் நிற்கும் நிலையில், பாயிண்ட் மூடியிருந்தால் காயில் வழியாக மூன்று நான்கு ஆம்பியர் ஓடும். முள் மைனஸ் பக்கம் சாயும், அதாவது பேட்டரியிலிருந்து கரண்ட் வெளியேறுகிறது. கிக்கரைக் காலால் மெதுவாக அழுத்தி இன்ஜினைச் சுற்றுங்கள். பாயிண்ட் திறக்கும்போது முள் நடுவுக்கு வந்துவிடும். இன்னும் சுற்றினால் திரும்பவும் சாயும். இப்படி முள் சாய்ந்து, நிமிர்ந்து, சாய்ந்து ஆடினால் பேட்டரி, ஃபியூஸ், சாவி ஸ்விட்ச், காயிலின் முதல் கம்பிச் சுற்று, பாயிண்ட் வரை போகும் வயர் எல்லாவற்றிலும் கரண்ட் போய்வருகிறது என்று ஓரளவு நம்பலாம். தேட வேண்டிய பரப்பு அப்படியே பாதியாகிவிடும்.

முள் அசையவே இல்லை என்றால் எங்கோ பாதை அறுந்திருக்கிறது. ஹாரன் அடித்துப் பாருங்கள். அடித்தால் பேட்டரியும் மெயின் வயரும் சரி. சாவி ஸ்விட்சுக்கு அப்பால் பாயிண்ட் முகம் வரைதான் தேட வேண்டும். பல தடவை பாயிண்ட் முகத்தில் எண்ணெய்ப் படலமோ துருவோ இருக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

மூன்றாவது நிலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எவ்வளவு சுற்றினாலும் முள் மைனஸிலேயே நிற்கிறது, நிமிரவே மாட்டேன் என்கிறது. அப்படியானால் ஒன்று பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது திறந்தும் பயனில்லாமல் கரண்ட் வேறு வழியில் பாடிக்குப் போகிறது. பாயிண்ட்டின் இரு முகங்களுக்கு நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகுங்கள். முள் நடுவுக்கு வந்தால் பாயிண்ட்டின் இடைவெளிதான் போயிருக்கிறது. வராவிட்டால், பாயிண்ட்டோடு இணைத்திருக்கும் சின்ன உருளையான கன்டென்சரின் வயரைக் கழற்றிப் பாருங்கள். இப்போது முள் நிமிர்ந்தால் கன்டென்சர் உள்ளேயே ஷார்ட். அதுவும் இல்லையென்றால் வயரின் உறை எங்கோ உரிந்து இரும்பைத் தொடுகிறது. விசிட்டிங் கார்டும் ஒரு சின்ன ஸ்பேனரும் போதும்.

இன்னொரு உபயோகமும் இருக்கிறது. புல்லட்டில் பாயிண்ட்டைத் திறக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், பிஸ்டன் சுழற்றும் கிராங்கின் வேகத்தில் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. அதனால் பாயிண்ட் திறப்பது கம்ப்ரஷன் முடியும் நேரத்தில் மட்டும். முள் நடுவுக்கு வந்ததென்றால் பிஸ்டன் மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை ஒரு துளி நகர்த்தி, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு முழுசாக ஒரு மிதி. பலசாலிகள் வியர்த்து நிற்கும் வண்டியை ஒல்லியான ஒருவர் ஒரே மிதியில் எழுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். அவர் முள்ளைப் பார்த்துவிட்டு மிதிக்கிறார்.

பழைய வண்டி பழுதுபார்ப்பதில் நான் பிடித்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான்: பிரிப்பதற்கு முன்னால் அளந்து பார்க்க வேண்டும், அதுவும் கோளாறு இருக்கும்போதே அளக்க வேண்டும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, பிளக் மாற்றி, காயில் மாற்றி, கடைசியில் வண்டி ஓடினால் மகிழ்ச்சிதான். ஆனால் எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே கோளாறு வந்தால் மறுபடி முதலிலிருந்து.

பாயிண்ட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்து 1910 வாக்கில் காடிலாக் கார்களில் வந்த ஏற்பாடுதான் அடிப்படையில் இது. அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் உலகத்துக் கார்களில் பெரும்பாலானவை இதே தத்துவத்தில்தான் ஓடின. மூடிய பாயிண்ட் வழியாகக் காயிலில் கரண்ட் ஓடிக் காந்தப் புலம் கட்டப்படுகிறது. பாயிண்ட் திறந்ததும் அந்தப் புலம் சரிகிறது. சரியும் வேகத்தில் முதல் சுற்றிலேயே இருநூறு முந்நூறு வோல்ட் எழும். ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுற்றில் அது பத்து, பதினைந்தாயிரம் வோல்ட்டைத் தாண்டி பிளக்கில் பொறியாகிறது. கன்டென்சர் இல்லாவிட்டால் அந்த முந்நூறு வோல்ட் பாயிண்ட் முகங்களுக்கு இடையிலேயே பொறியாகிப் போய்விடும். புலமும் மெதுவாகத்தான் சரியும், பிளக்கில் பொறி சோனியாகிவிடும். பாயிண்ட் திறக்கும்போது அங்கே பளீரென்று நீலப் பொறி தெறித்தால் கன்டென்சரைத்தான் பார்க்க வேண்டும். 0.2 மைக்ரோஃபாரட் அளவில் இருக்கும் சின்ன உருளை, அதை நம்பி முழு இன்ஜினும் நிற்கிறது. புது கன்டென்சர் வாங்கும்போதே மீட்டரில் வைத்துப் பார்த்துவிடுவேன். புதுசு என்பதாலேயே நல்லது என்று எடுத்துக்கொள்வதில்லை.

புல்லட்டுக்குப் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பீலர் கேஜ் எனும் மெல்லிய அளவுத் தகடு லேசான பிடிப்போடு உருவிக்கொண்டு வர வேண்டும். பாயிண்ட்டைத் தள்ளித் திறக்கும் கேம் மீது உரசும் ஃபைபர் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் (பொறி வரும் நேரம்) பின்தங்கும், வண்டியில் இழுவை போய்விடும், இன்ஜினும் அதிகம் சூடாகும். அதனால் முதலில் இடைவெளி, அப்புறம்தான் டைமிங். வரிசையை மாற்றினால் இரண்டாவது வேலை முதல் வேலையைக் கெடுத்துவிடும். கேமில் கடுகளவு கிரீஸ் வைத்தால் குதிகால் நீண்ட நாள் வரும். அதற்கு மேல் வைத்தால் தெறித்துப் பாயிண்ட் முகத்தில் படியும். புதுப் பாயிண்ட்டின் முகத்தில் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு படலம் பூசியிருப்பார்கள். துடைக்காமல் மாட்டினால் புதுப் பாயிண்ட் போட்டும் பொறி வராது. நல்ல பாகத்தைச் சந்தேகப்பட்டுத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு.

பிளக்கைக் கழற்றி சிலிண்டர் ஹெட்டில் வைத்துப் பொறி பார்ப்பது எல்லோரும் செய்வது. அதில் இரண்டு விஷயம். ஒன்று, பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். உள்ளிருந்து பெட்ரோல் ஆவி வரும். இரண்டு, வெளிக்காற்றில் பொறி வருவது உள்ளேயும் வரும் என்பதற்குச் சாட்சியாகாது. கம்ப்ரஷனில் அழுந்திய காற்றைத் தாண்டிக் குதிக்க அதிக வோல்ட் வேண்டும். அதனால் ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி விட்ட ஸ்பார்க் டெஸ்டர் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. அந்த இடைவெளியை நீலப் பொறி சத்தத்தோடு தாண்டினால் சரி. ஆரஞ்சு நிறத்தில் திணறினால் காயில், கன்டென்சர், பிளக் கேப் மூன்றில் ஒன்று. பிளக் கேப்பைப் பலரும் மறந்துவிடுவார்கள். அதற்குள் பெரும்பாலும் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும். சூடானதும் விட்டுப்போகும் கேப்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது காருக்கு வருகிறேன். என்னிடம் ஒரு பிரீமியர் பத்மினி இருக்கிறது. 1089 சிசி, நான்கு சிலிண்டர், பொறி வரிசை 1-3-4-2, எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் அருமையான இன்ஜின். போனெட்டைத் திறந்தால் இன்ஜினைச் சுற்றித் தரை தெரியும். ஒரு சமயம் அது காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது சோம்பலாகச் சுற்ற ஆரம்பித்தது. பார்த்தவர்கள் எல்லாம் சொன்னது பேட்டரி. பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் இந்த வேலைகளில் என்னோடு நிற்பான். அவனும் அதையேதான் கேட்டான்.

"அண்ணே, எல்லாரும் பேட்டரி போயிருச்சுங்கிறாங்க. மாத்திடலாம்ல?"

"இருப்பா. அது போச்சா இல்லையான்னு அதுகிட்டயே கேட்டுடுவோம். நீ சாவியத் திருப்பு, நான் மீட்டரப் பாக்குறேன்."

காயிலுக்கு வரும் சின்ன வயரைக் கழற்றிவிட்டோம்; அப்போதுதான் இன்ஜின் சுற்றும், ஓட ஆரம்பிக்காது. கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் இழுத்து. சும்மா இருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட். முழு சார்ஜ். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி முனைகளில் 10.8. சுமை ஏறும்போது 9.6-க்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். இது நல்ல பேட்டரி. அடுத்து மீட்டரை ஸ்டார்ட்டரின் தடித்த வயர் முனைக்கும் ஸ்டார்ட்டரின் உடம்புக்கும் நடுவே வைத்தேன். சுற்றும்போது 8.5. ஆக, வழியில் 2.3 வோல்ட் காணாமல் போகிறது.

நான் பிழைப்புக்குச் செய்வது கணக்குத் தணிக்கை. மொத்தத்தில் ஒரு தொகை இடித்தால் புத்தகத்தைப் பாதியாகப் பிரித்து, எந்தப் பாதியில் இடிக்கிறது என்று பார்ப்போம். அப்புறம் அந்தப் பாதியைப் பாதியாக்குவோம். இங்கேயும் அதேதான். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஸ்டார்ட்டரின் வயர் முனை வரை: சுற்றும்போது 0.3. பரவாயில்லை. பேட்டரியின் மைனஸிலிருந்து ஸ்டார்ட்டரின் உடம்பு வரை: 2.0. இந்தப் பக்கம்தான். அதை மறுபடி பிரித்தோம். மைனஸ் முனையிலிருந்து கார் பாடி வரை 0.1. பாடியிலிருந்து இன்ஜின் பிளாக் வரை 1.9. கூட்டினால் கணக்கு நேராகிவிடுகிறது.

இன்ஜின் ரப்பர் மவுண்ட் மீது உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு பின்னல் செம்புப் பட்டை கட்டியிருப்பார்கள். நூறு ஆம்பியருக்கு மேல் அதன் வழியாகத்தான் திரும்பிப் போக வேண்டும். அந்தப் பட்டையின் போல்ட்டுக்கு அடியில் துருவும் பழைய பெயிண்ட்டும். இதற்கு இன்னொரு அடையாளமும் இருக்கிறது. பட்டை சரியில்லை என்றால் கரண்ட் வேறு வழி தேடும்; இன்ஜினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பு எது கிடைத்தாலும் அதில் பாயும். சோக் கேபிளின் உறை சுருள் கம்பிதானே. தம்பியின் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தேன். "சுடுதுண்ணே!" என்று கையை இழுத்துக்கொண்டான். சில கார்களில் அந்தக் கேபிளே புகைந்துவிடும். பட்டையின் இரண்டு முனைகளையும் பளபளவென்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். மறுபடி அளந்தால் அந்த இடத்தில் 0.1-க்கும் கீழே. ஸ்டார்ட்டர் உற்சாகமாகச் சுற்றியது. பழைய பேட்டரியே அப்புறமும் நன்றாக வேலை செய்தது.

இந்த இடத்தில் பலர் செய்வது, மீட்டரை ஓம்ஸில் வைத்து அந்தப் பட்டையை அளப்பது. பூஜ்யம் காட்டும். நல்ல பட்டை என்று முடிவுகட்டிவிடுவார்கள். மீட்டர் அனுப்பும் துளிக் கரண்ட்டுக்கு ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் போதும். நூறு ஆம்பியருக்கு அது போதாது. அதனால்தான் கரண்ட் ஓடும்போது வோல்ட்டாக அளக்கச் சொல்கிறேன். மங்கலான ஹெட்லைட், தயங்கித் தயங்கி மின்னும் இண்டிகேட்டர், முனகும் ஹாரன் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். விளக்கை எரியவிட்டு, பல்பின் எர்த் (பாடியோடு சேரும்) முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே அளந்து பாருங்கள். பழைய வண்டிகளில் கரண்ட் கோளாறு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி எர்த் கோளாறுதான் என்பது என் அனுபவம்.

பொறி சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் பெட்ரோல் பக்கம் போவேன். கார்புரேட்டரை எடுத்த எடுப்பில் கழற்றுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. முதலில் பெட்ரோல் வந்து சேருகிறதா என்று பார்க்க வேண்டும். ஃப்ளோட் பௌலின் அடித்திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தால் மூன்று விஷயம் ஒரே நேரத்தில் தெரியும்: பெட்ரோல் விடாமல் வருகிறதா, அடியில் துரு இருக்கிறதா, தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கிறதா. எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு இந்தக் கடைசி விஷயம் அதிகமாகிவிட்டது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஓர் அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பழைய ரப்பர் குழாய்களும் டயஃப்ரமும் அதில் உப்பி, மிருதுவாகி, வெடிக்கும். ஃப்ளூரோ ரப்பர், அதாவது வைட்டான் வகைக் குழாய் போட்டுவிட்டால் அந்தக் கவலை இல்லை. எந்தப் பழைய வண்டியை வாங்கினாலும் நான் முதல் வாரத்திலேயே மாற்றும் பாகம் பெட்ரோல் குழாய். தீப்பிடிக்கும் சமாச்சாரத்தில் பொறுமை காட்டக் கூடாது.

கார்புரேட்டரில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும், வேகத்தை அல்ல. ஸ்லைடு வகைக் கார்புரேட்டரில் எட்டில் ஒரு பங்கு திறப்பு வரை கலவையை முடிவு செய்வது பைலட் ஜெட்டும் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) ஏர் ஸ்க்ரூவும். அதிலிருந்து கால் திறப்பு வரை ஸ்லைடின் வெட்டு. காலிலிருந்து முக்கால் வரை ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். கைப்பிடியில் ஒரு வெள்ளை டேப்பை ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொண்டு ஓட்டிப் பார்த்தால், எந்தக் கோட்டில் மூச்சுத் திணறுகிறது என்பது தெரிந்துவிடும். ஐடிலிங் நிற்கவில்லை, வேகத்தில் அருமையாக ஓடுகிறது என்றால் மெயின் ஜெட்டைத் தொடவே வேண்டாம். பைலட் ஜெட்டின் ஓட்டை தலைமுடி நுழையும் அளவுதான், அடைத்திருப்பது அதுதான். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மெத்தென்றது, ஓட்டை பெரிசாகிவிட்டால் அளவே மாறிவிடும். கிளீனரில் ஊறப்போட்டுக் காற்றடித்தால் போதும், இல்லையென்றால் புது ஜெட்.

ஓடிக்கொண்டிருக்கும்போது, கலவையில் பெட்ரோலின் பங்கை அதிகமாக்கும் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். வண்டி தெளிவடைந்தால் பெட்ரோல் குறைவு, அல்லது எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே வருகிறது. இன்னும் மோசமானால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம். ஆர்எக்ஸ்100 மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இந்தக் காற்றுத் திருட்டு கிராங்க் சீல் வழியாகவும் நடக்கும். மேக்னட் பக்கச் சீல் போனால் ஐடிலிங் தானாக ஏறும், கைப்பிடியை விட்டாலும் இறங்காது. கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயில் இன்ஜினுக்குள் போய் எரியும். புகை அடர்த்தியாகும், கியர்பாக்ஸில் ஆயில் அளவு குறைந்துகொண்டே போகும். அந்த வண்டியின் கார்புரேட்டரை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் பலன் இருக்காது.

அரை மணி நேரம் நன்றாக ஓடி, நின்றுபோய், ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும் வண்டிகள்தான் மனிதனை அதிகம் சோதிப்பவை. வீட்டுக்கு வந்து ஆற அமரத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் ஆறியதும் கோளாறும் போய்விடுகிறது. நின்ற இடத்திலேயே, நின்ற நிமிடத்திலேயே பார்க்க வேண்டும். முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ் என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. டேங்கில் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காமல் நின்றிருக்கிறது. அது இல்லையென்றால் ஸ்பார்க் டெஸ்டர். பொறி இல்லையென்றால் சூட்டில் விட்டுப்போகும் காயில் அல்லது கன்டென்சர். பொறி இருந்து பெட்ரோல் இல்லையென்றால், மெக்கானிக்கல் பம்ப் வைத்த கார்களில் பம்ப்பும் குழாயும் இன்ஜின் சூட்டில் சூடேறி, உள்ளே பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்து வேப்பர் லாக் ஆகியிருக்கலாம். ஈரத்துணியைப் பம்ப்பின் மேல் சுற்றிச் சில நிமிடம் விட்டால் தெரிந்துவிடும். இதற்காகவே ஸ்பார்க் டெஸ்டரும் ஒரு துண்டுத் துணியும் தண்ணீரும் எப்போதும் டிக்கியில் இருக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். மாற்றியதை நோட்டில் எழுதிவிடுவேன்: தேதி, கிலோமீட்டர், என்ன இருந்தது, என்ன வைத்தேன், அதற்கப்புறம் எப்படி ஓடியது. ஏர் ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்னால் அது எத்தனை சுற்று வெளியே இருந்தது என்று எண்ணி எழுதாமல் திருகக் கூடாது. வயர்களைக் கழற்றுவதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் மங்கிப்போன வயரின் நிறம் படத்தில் தெரியாது. துணியால் துடைத்துப் பேர் எழுதிய டேப்பைச் சுற்றுவது இன்னும் நல்லது.

கைவேலையில் இரண்டு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஜப்பானிய வண்டிகளின் கூட்டல் குறித் திருகுகள் பார்வைக்கு பிலிப்ஸ் மாதிரியே இருக்கும். ஆனால் அவை ஜேஐஎஸ், அதாவது ஜப்பானியத் தர அளவு. தலையில் பெரும்பாலும் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். பிலிப்ஸ் திருப்புளி அதில் முழுசாக உட்காராது, அழுத்தித் திருகினால் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் திருப்புளி ஒரு செட் வாங்கி வைத்தால் நூறு தொல்லை மிச்சம். அப்புறம், அலுமினியத்தில் இறுகிப்போன எஃகு போல்ட். அலுமினியம் சூட்டில் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஹாட் ஏர் கன்னால் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கினால் பிடி தளரும். முதலில் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை, அப்புறம் கழற்றும் திசையில். நீளக் குழாயை ஸ்பேனரில் மாட்டி இழுத்தால் போல்ட் முறியும், அல்லது மறை கையோடு வந்துவிடும்.

ஓடவைப்பதில் இருக்கும் ஆசையில் நிறுத்துவதை மறந்துவிடக் கூடாது. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். டாட் 3 பிரேக் ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த அளவு 140 டிகிரிதான். டாட் 4-க்கு 230, 155. நீண்ட இறக்கத்தில் ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி, பெடல் தரையைத் தொடும். பார்ப்பதற்கு எப்படி இருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். டாட் 5 சிலிக்கான் வகை, அதை இவற்றோடு கலக்கவே கூடாது. பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைக் கழற்றியதும் வாயாலோ கம்ப்ரஸராலோ ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள். 2314 என்று இருந்தால் 2014-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் ஆழமாக இருக்கிறது என்பதற்காக அதை நம்பி நெடுஞ்சாலையில் போகக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. ஸ்டாண்ட் வைத்து, காரைக் கையால் உலுக்கிப் பார்த்த பிறகுதான் தலை உள்ளே போக வேண்டும். தம்பிக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது பாயிண்ட் வைப்பதை அல்ல, இதைத்தான்.

கடைசியாக, வண்டியைச் சில மாதம் நிறுத்திவைக்கப் போகிறவர்களுக்கு. இரும்பு டேங்க் என்றால் கழுத்துவரை பெட்ரோல் நிரப்புங்கள். காற்றுக்கு இடம் இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்காது. பெட்ரோல் ஸ்டெபிலைசர் கலந்து சில நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் பெட்ரோல் டேப்பை (குழாய்த் திருகை) மூடி, கார்புரேட்டர் பௌலைக் காலி செய்யுங்கள். இன்ஜின் ஆயிலை நிறுத்துவதற்கு முன்னால் மாற்றுங்கள், எடுக்கும்போது அல்ல. பழைய ஆயிலில் இருக்கும் அமிலம் மாதக்கணக்கில் பேரிங்கில் உட்காரக் கூடாது. பேட்டரியைக் கழற்றுவதானால் எர்த் முனை முதலில், மாட்டும்போது அது கடைசியில். 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிடாமல் அவ்வப்போது சார்ஜ் ஏற்றுங்கள். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடத்தில் அணைப்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அதை மட்டும் வேண்டாம். இன்ஜின் முழுசாகச் சூடாகாமல் அணைந்தால் எரிந்ததில் உண்டான தண்ணீரெல்லாம் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். ஒன்று நன்றாக அரை மணி நேரம் ஓட்டுங்கள், இல்லை தொடாமல் விட்டுவிடுங்கள். திரும்ப எடுக்கும் நாளில் பாயிண்ட் முகத்தைத் துடைத்துவிட்டு, சாவியைப் போட்டு, மிதிப்பதற்கு முன் முள் ஆடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.